காரணம் எழுதாத மறுப்பு

பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீன், ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் ஜாமீன் உத்தரவுகளில் இப்படி ஒரு நிபந்தனையை அடிக்கடி பார்க்கலாம். ஊரும் உறவும் வீடும் உள்ளவருக்கு இது ஒரு நாள் அலைச்சல். அண்ணனும் சித்தப்பாவும் ஆதார் அட்டை, வீட்டுவரி ரசீது, புகைப்படம் சகிதம் கோர்ட்டுக்கு வருவார்கள். மாஜிஸ்திரேட் சரிபார்த்துக் கையெழுத்திட்டதும் விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்விடும். ஒடிசாவிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர் இந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவார்? ரத்த உறவு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் யார் பெயரிலும் வரி ரசீது இல்லை. ஜாமீன் கிடைத்த பிறகும் அவர் சிறையில்தான் இருப்பார்.

வெளியே விடலாம் என்று நீதிமன்றமே முடிவு செய்த ஒருவரை, ஜாமீன் நிற்க ஆள் இல்லை என்பதற்காக உள்ளேயே வைத்திருப்பது அறமா?

ஜாமீன்தாரர் முறைக்கு ஒரு நியாயம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவானால் விசாரணை முடங்கும். சாட்சிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நினைவும் மனமும் தளர்ந்துபோவார்கள். பாதிக்கப்பட்டவருக்கு நீதி என்பது வெறும் பேச்சாகிவிடும். தன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் பணத்தை இழப்பாரே என்ற எண்ணம் ஒருவரை வாய்தாதோறும் கோர்ட்டுக்கு வரவைக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. சொந்தபந்தத்தின் மானத்தைக் காப்பது கடமை என்று கருதும் சமூகத்தில் அந்த எதிர்பார்ப்பைப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த நியாயம் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஓடிப்போவாரா மாட்டாரா என்பதே கேள்வி. சொத்து எவ்வளவு என்பது அதற்குப் பதிலாகாது. வெளிநாட்டில் வங்கிக் கணக்கும் கையில் பாஸ்போர்ட்டும் உள்ளவர் ஐந்து லட்சத்தைக் கட்டிவிட்டும் மறைந்துவிடலாம். குடிசையும் இரண்டு பிள்ளைகளும் உள்ள கட்டடத் தொழிலாளி எங்கே ஓடுவார்? இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. உறவு கிடைக்காத இடத்தில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் முளைத்துவிடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக்கூட அறியாத ஒருவர் அவருக்காக உறுதி கொடுக்கிறார். இதைத் தடுப்பதற்காகவே, இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதை ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம்பிக்கை விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்ட பிறகு, அதை முன்னிறுத்தி ஏழையை மட்டும் உள்ளே வைத்திருப்பதில் என்ன பொருள்?

1978இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் ஒரு கொத்தனார். அவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டும், கீழமை நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. சகோதரர் ஜாமீன் நிற்கிறேன் என்றபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கொடுத்த விடுதலை, ஒரு மாவட்ட எல்லையில் முட்டி நின்றுவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில், பஸ்தாரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதாகும் ஒரு தமிழரும் மலையாளியும் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார். மோதிராமை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடுவிக்கச் சொன்னார். அன்று தமிழருக்காகக் கேட்ட கேள்வியை, இன்று பீகாரிகளுக்காகவும் ஒடியாக்களுக்காகவும் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1979இல், ஹுசைனாரா காத்தூன் வழக்கு பீகார் சிறைகளின் நிலையை நாட்டுக்குக் காட்டியது. தண்டிக்கப்பட்டிருந்தால்கூட எத்தனை ஆண்டு சிறையில் இருந்திருப்பார்களோ, அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே பலர் அடைபட்டிருந்தார்கள். பணம் கட்டினால்தான் விடுதலை என்ற ஏற்பாடு ஏழைக்கு எதிரானது என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். ஊரில் வேர் உள்ளவர்களைச் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்றார்.

அந்தத் தீர்ப்புகள் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். எல்லோருமே ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருந்ததால்தான் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தனியாக ஓர் ஏற்பாடு செய்தது. ஜாமீன் உத்தரவு கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதே ஆண்டு, ஏழைக் கைதிகளின் பிணைக்காக 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது.

இவை நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் ஒரு மாதம் சிறையில் இருப்பவருக்கு அந்த ஒரு மாதம் என்னவாகிறது? தினக்கூலி வேலை போய்விடும். வாடகை பாக்கி விழும். பிள்ளையின் படிப்பு நிற்கும். இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்ற பேச்சு சிறைக்குள் எப்போதும் உலவும். சிறு வழக்கில் சிக்கியவர் செய்யாத குற்றத்தையும் ஏற்கத் துணிவார். பணம் இல்லாத குறை, இப்படித்தான் குற்றவாளி என்ற பட்டமாக மாறுகிறது.

பாதிக்கப்பட்டவரின் அச்சத்தையும் எடை போடாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது. வன்கொடுமை வழக்கில், தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே ஊரில் இருப்பார்கள். தாக்கியவர் வெளியே வந்தால் சாட்சி சொல்ல யார் முன்வருவார்கள்? இதை உணர்ந்துதான், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, ஜாமீன் மனு மீது பாதிக்கப்பட்டவரின் கருத்தையும் கேட்க வழி செய்கிறது. அந்த அச்சம் மெய்யானது, அதற்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்கு மருந்து பெரிய பிணைத் தொகையா? பணபலம் உள்ள ஆதிக்கக்காரர் அந்தத் தொகையை அன்றே கட்டிவிடுவார். ஊருக்குள் நுழையக் கூடாது, வேறு ஊர்க் காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனைகள்தாம் சாட்சியைக் காக்கும். அவையும் போதாது என்றால், ஜாமீனை மறுப்பதே நேர்மை.

நீதிமன்றம் மறுக்கும்போது காரணத்தை எழுத வேண்டும். எழுதிய காரணத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வாதிட முடியும். எட்டாத தொகையைக் கேட்கும் உத்தரவு, கொடுத்ததுபோலத் தோன்றி மறுக்கிறது. காரணமும் சொல்வதில்லை, பொறுப்பும் ஏற்பதில்லை. பதிவேட்டில் ஜாமீன் வழங்கப்பட்டதாகவே இருக்கும். அந்த மனிதர் உள்ளே இருப்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில், 13 வழக்குகளில் ஜாமீன் பெற்றும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் தேட முடியாமல் தவித்த ஒருவரின் வழக்கில், மிகையான ஜாமீன் ஜாமீனே ஆகாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கே.வி. விசுவநாதன் தீர்ப்பு எழுதினார். எல்லா மாநிலங்களின் வழக்குகளுக்கும் ஒரே ஜாமீன்தாரர்களே போதும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்பது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்தில் பிணை கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கொண்டு, ஜாமீன்தாரர் இல்லாமல் விட வேண்டும் என்பதும் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் சொந்தப் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் இதில் சேராது. சட்டம் ஏழையின் சொல்லை நம்பத் தயாராகிவிட்டது. பழக்கம்தான் இன்னும் வரி ரசீதைக் கேட்கிறது.

ஆகவே நீதிபதியின் கடமை உத்தரவில் கையெழுத்திடுவதோடு முடிந்துவிடாது. எதிரில் நிற்பவரின் வருமானம் என்ன, ஊர் எது, உடன் நிற்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவரால் நிறைவேற்றக்கூடிய நிபந்தனையை விதிக்கும்போதுதான் அந்தக் கடமை முழுமை பெறும். ஆபத்தானவர் என்று தோன்றினால் காரணம் எழுதி மறுக்கட்டும், அதற்கு அதிகாரம் இருக்கிறது. விடலாம் என்று முடிவு செய்த மனிதரை அவருடைய வறுமையைக் காட்டி உள்ளே வைக்கும் அதிகாரத்தை மட்டும் எந்தச் சட்டமும் எந்த நீதிபதிக்கும் கொடுக்கவில்லை.