பழி யார் தோளில்?

கோயம்புத்தூருக்குக் கடல் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றுதான் மேற்கே எங்கோ ஒரு கடல் இருக்கிறது என்பதை நமக்கு நினைவூட்டுகிறது. ஆயினும் கடற்படைக்கும் கொங்கு மண்ணுக்கும் உறவு உண்டு. நகரின் நடுவே, ரெட் ஃபீல்ட்ஸ் பகுதியில், ஐ.என்.எஸ். அக்ரணி என்னும் கடற்படைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கப்பல்களில் பல ஆண்டுகள் பணியாற்றிய மாலுமிகள் தலைமைப் பண்பைக் கற்றுக்கொள்வதற்காக இங்கே வருகிறார்கள். உடுமலைப்பேட்டைக்கு அப்பால், அமராவதி அணையின் அருகே, 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளி நம் பிள்ளைகளைப் படை அதிகாரிகளாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

கடலே இல்லாத ஊரில் கடல்வீரருக்குத் தலைமை கற்பிப்பது விந்தையாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் விந்தை ஒன்றுமில்லை. தலைமை என்பதன் பொருளைக் கடல் சற்று வெளிப்படையாகக் காட்டுகிறது, அவ்வளவே. அந்தப் பொருள் கரையில் வாழும் நமக்கும் உரியது.

கடற்படை அதிகாரி ஒருவரின் பணிவாழ்வு எவ்வாறு முடிகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பழுதின்றிப் பணியாற்றியவர் ஓர் இரவில் நேர்ந்த கவனக்குறைவினால் பதவியை இழக்கிறார். மற்றொருவர் ஒரு விருந்தில் தொடங்கிய ஒழுக்கக்கேட்டினால் இழக்கிறார். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டம், கவனக்குறைவால் கப்பலைத் தரைதட்டச் செய்வதையும் குற்றமாகக் கொள்கிறது. அதிகாரியின் தகுதிக்கு ஒவ்வாத நடத்தையையும் குற்றமாகக் கொள்கிறது. இரண்டுக்கும் பணிநீக்கம் வரை தண்டனை உண்டு. இது நீதிதானா என்னும் கேள்வி நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்து வருகிறது. அதைக் கேட்க எனக்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்று உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உறங்கியவர் மீதும் பழியா?

2017-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், ஜப்பான் கரைக்கு அருகே ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. தண்ணீர் புகுந்த உறங்கும் அறைகளில் 7 மாலுமிகள் மாண்டனர். அப்பொழுது கப்பலின் தலைவர் தம் அறையில் இருந்தார். மேல்தளத்தில் காவல் பொறுப்பேற்றிருந்தவர் ஓர் இளம் அதிகாரி. வேறு கப்பல்கள் நெருங்கி வந்தால் தலைவரை அழைக்கவேண்டும் என்பது நிலையான கட்டளை. அந்த இரவில் அந்த அழைப்பு வரவே இல்லை. ஆயினும் பதவி நீக்கப்பட்டவர்களுள் தலைவரும் ஒருவர்.

அழைக்கப்படாத ஒருவரைத் தண்டிப்பது எவ்வாறு பொருந்தும்? கடல் மரபு சொல்லும் விடை இதுதான்: அதிகாரத்தைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது. காவலில் நிற்கும் இளையவர் தயங்காமல் தலைவரின் கதவைத் தட்டக்கூடிய கப்பலாக அக்கப்பலை ஆக்கி வைப்பதும் தலைவரின் கடமையே. கதவு தட்டப்படவில்லை என்றால், அந்த இரவுக்கு முந்திய எத்தனையோ பகல்களில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது என்றுதான் பொருள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள், சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்னும் மற்றொரு கப்பலும் மோதலுக்குள்ளாகி, 10 மாலுமிகள் உயிரிழந்தனர். இரண்டு நாள்களில், இவ்விரு கப்பல்களும் அடங்கிய ஏழாவது கடற்படைப் பிரிவின் தளபதியே பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் எந்தச் சுக்கானையும் பிடித்தவரல்லர். நம் நாட்டிலும் 2014-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் விசாகப்பட்டினத்துக்கு அருகே ஐ.என்.எஸ். ஐராவத் தரைதட்டியபோது, அக்கப்பலின் தலைவர் கட்டளைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

பிழை வேறு, குற்றம் வேறு

இங்கே ஒரு தெளிவு வேண்டும். பிழை என்பது அறிவும் கவனமும் தவறுவது. குற்றம் என்பது உள்ளம் தவறுவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது அறமாகாது.

1908-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் படங்காஸ் துறையில், டெக்கேட்டர் என்னும் சிறு போர்க்கப்பலை 23 வயது இளைஞர் ஒருவர் தரைதட்டச் செய்தார். கப்பல் நிற்கும் இடத்தை முறைப்படி அளந்தறியாமல் மதிப்பீட்டை நம்பியதும், கடலேற்ற இறக்கத்தைச் சரிபார்க்காததும் அவர் செய்த பிழைகள். படைத்துறை நீதிமன்றம் அவரைக் கடமை தவறியவர் என்று தீர்மானித்தது. ஆனால் கண்டனத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த இளைஞரின் பெயர் செஸ்டர் நிமிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படை முழுவதையும் நடத்தியவர் அவரே. 1945 செப்டம்பர் 2-ஆம் நாள் ஜப்பானின் சரணாகதி ஆவணத்தில் அமெரிக்காவின் சார்பில் கையொப்பமிட்டவரும் அவரே. 1908-இல் அந்த நீதிமன்றம் பிழைக்கும் குற்றத்துக்கும் வேறுபாடு காணாதிருந்தால், அப்பெயரை இன்று எவரும் அறிந்திருக்கமாட்டார்.

குற்றத்தின் கதை வேறு விதமாகச் செல்கிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அமெரிக்கக் கப்பல்களுக்கு உணவு, எரிபொருள் முதலியவற்றை வழங்கி வந்த லெனார்டு கிளென் ஃபிரான்சிஸ் என்னும் மலேசிய வணிகர் 2013-இல் கைது செய்யப்பட்டார். அவர் அதிகாரிகளை விலைக்கு வாங்கிய முறை நுட்பமானது. நல்ல உணவு, உயர்ந்த விடுதியில் அறை, ஓர் இசை நிகழ்ச்சிக்கு அனுமதிச்சீட்டு என்று கொடுத்தார். பின்னர்ப் பெண்களையும் பணத்தையும் கொடுத்தார். ஈடாகக் கப்பல்கள் எந்தத் துறைமுகத்துக்கு எப்பொழுது செல்லும் என்னும் மறைவுச் செய்திகளைப் பெற்றுக்கொண்டார். இது தொடர்பாக 2017-இல் ஓர் அட்மிரல் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் ஒப்புக்கொண்ட குற்றம் என்ன தெரியுமா? விசாரணை அதிகாரிகளிடம் அந்த வணிகரைப் பற்றிப் பொய் சொன்னதுதான். நம் நாட்டிலும், புதுதில்லிக் கடற்படைத் தலைமையகத்தின் போர் அறையிலிருந்து மறைவுச் செய்திகள் கசிந்த வழக்கில், 2005-இல் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

ஆக, பிழையும் குற்றமும் வேறு வேறு ஊர்களிலிருந்து புறப்படுகின்றன. ஆனால் அவை சந்திக்கும் ஓர் இடம் உண்டு. மறைத்தல் என்பதே அவ்விடம். மறைக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே பிழை குற்றமாகிவிடுகிறது. இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லன்.

ஒரு மூட்டை நூல்

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதியில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளனாக இருந்தேன். நூல் சுற்றும் கோன்களின் நுனியில் வண்ணம் இருக்கும். எந்த நம்பர் நூல் என்பதை அந்த வண்ணத்தைக் கொண்டே அறிவோம். ஓர் இரவு ஷிப்டில் நூலின் நம்பர் மாறியது. பழைய வண்ணக் கோன்களை அகற்றிய பின்னரே புதிய நூலைச் சுற்றத் தொடங்கவேண்டும். அதைப் பார்க்கவேண்டியவன் நான். களைப்பினால் பார்க்கவில்லை. விடியும் வேளையில் கணக்கு நேராகவில்லை. ஒரு மூட்டைக்குள் இரண்டு நம்பர் நூலும் கலந்து போயிருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மூட்டைகள் தைக்கப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. பிரித்துப் பார்க்கச் சொன்னால் என் கவனக்குறைவு எல்லார்க்கும் தெரியும். ஏட்டில் கணக்கைச் சரிசெய்து கையொப்பமிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கலந்த நூலை வெள்ளைத் துணியில் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. சாயம் ஏறிய பின்னரே துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். சில வாரங்கள் கழித்துத் திருப்பூரிலிருந்து அந்தத் துணி ஆலைக்கே திரும்பி வந்தது. விசாரணை நடந்தது. பேக்கிங் பகுதியில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் அழைப்பேன். மூட்டை கட்டியவர் அவர். ஆதலால் பழி அவர்மேல் விழுந்தது. "நானுங்க, குடுத்ததத்தானுங்க கட்டுனேன்" என்று மட்டும் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வு வந்தது.

என் பணிவாழ்வு முடிந்துபோகவில்லை. கடற்படை அதிகாரிகளின் வீழ்ச்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது அதுதான். பழி என்பது தண்ணீரைப் போன்றது; தானாக விட்டால் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும். ஆலையில் மூட்டை கட்டுபவரிடம், அலுவலகத்தில் கடைநிலை ஊழியரிடம், கட்டடம் இடிந்தால் கொத்தனாரிடம் போய்ச் சேரும். கடல் மரபு அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஓர் அணையைக் கட்டி, பழியை மேல்நோக்கித் திருப்புகிறது. முதலில் கொடுமையாக எனக்குத் தோன்றிய அச்சட்டம் எளியவரைக் காக்கும் சட்டம் என்பதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். அன்று எங்கள் ஆலையில் அந்தச் சட்டம் இருந்திருந்தால், அந்த அண்ணன் தம் வேலையை இழந்திருக்கமாட்டார்.

விலகுதலும் விடை சொல்லுதலும்

2013 ஆகஸ்ட் 14-ஆம் நாள் மும்பைத் துறைமுகத்தில் ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து மூழ்கி, 18 பேர் மாண்டனர். 2014 பிப்ரவரி 26-ஆம் நாள் ஐ.என்.எஸ். சிந்துரத்னா என்னும் நீர்மூழ்கியில் தீப்பற்றி, இரண்டு அதிகாரிகள் உயிர் துறந்தனர். அன்றைய தினமே கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் தேவேந்திர குமார் ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நம் கடற்படையின் வரலாற்றில் அவ்வாறு விலகிய முதல் தலைமைத் தளபதி அவர்.

தமிழ்நாட்டு வாசகர்க்கு இது பழைய நினைவு ஒன்றை எழுப்பும். 1956 நவம்பர் 23-ஆம் நாள் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி விலகினார். விபத்துக்கு அவர் காரணமல்லர் என்றும், ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே விலகலை ஏற்பதாகவும் பிரதமர் நேரு விளக்கினார். அதே சாஸ்திரி 1964-இல் நாட்டின் பிரதமரானார். விலகியதனால் அவர் சிறுமை அடையவில்லை.

எனினும் இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மேலே ஒருவர் விலகியதால் நடுவில் இருப்பவர்களின் கணக்குத் தீர்ந்துவிடாது. பழுதான கருவியை மாற்றாதவரும், கோப்பை மேசைமேல் உறங்கவிட்டவரும் பெரியவரின் விலகலுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள இடம் தரலாகாது. மேலும், உண்மையை ஒப்புக்கொள்பவனையும் மறைப்பவனையும் ஒரே அளவில் தண்டிக்கும் நிறுவனம், மறைக்கும் கலையைத்தான் வளர்க்கும். அன்று நான் பிழையைச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மூட்டையைப் பிரித்து அடுக்கும் அரைநாள் வேலையோடு முடிந்திருக்கலாம். அல்லது என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். இரண்டாவது நிச்சயம் என்று நான் நம்பினேன். அந்த அச்சம் என் குற்றத்தைக் குறைக்காது. ஆயினும் பிறர்மேல் அதிகாரம் செலுத்துவோர் எல்லாரும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று இது: உங்கள் கதவை இளையவன் ஒருவன் நள்ளிரவில் தட்டத் துணிவானா?

வள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரமும் நாணுடைமைக்கு மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். நாண் என்பது செயலுக்கு முன்னரே உள்ளத்தில் எழுந்து நம்மைத் தடுப்பது. ஊரார் அறிந்த பின்னர் வரும் அவமானம் அதன் இடத்தை நிரப்ப இயலாது. பதவி இழந்த அதிகாரிகளின் படம் செய்தித்தாளில் வரும்போது நாம் காண்பது அவமானத்தை. நாண் அவர்களுக்கு எப்பொழுது வந்தது, வந்ததா என்பதை எந்தச் செய்தித்தாளும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை, அவமானம் வரவே இல்லை. நாண் மட்டும் நாற்பது ஆண்டு தாமதித்து வந்திருக்கிறது.

அந்த அண்ணனைப் பிற்காலத்தில் தேடினேன். அவர் குடியிருந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பிவிட்டது. எங்கே போனார் என்று சொல்வார் எவரும் இல்லை.

அமராவதி நகரிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். கப்பல் தரைதட்டலாம், கணக்கும் தவறலாம். அந்த இரவே போய்ச் சொல்லிவிடுங்கள். மறுநாள் விடிந்தால், மூட்டைகளைத் தைத்து அடுக்கிவிடுவார்கள்.