களிம்பு எங்கிருந்து வந்தது?

கோவையில் மோட்டார், பம்பு, வால்வு கம்பெனிகளுக்கு நேம் பிளேட் அடித்துக் கொடுப்பது என் தொழில். ஆர்டரோடு வருகிறவர் முதலில் கேட்பது, "எந்த உலோகம் போடலாங்க?" என்பதுதான். மிஷின் எங்கே நிற்கப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கிணற்று மோட்டார் என்றால் அனோடைஸ் செய்த அலுமினியம் போதும். எடையும் குறைவு, விலையும் குறைவு. அதே பிளேட்டைத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வைத்தால் காஸ்டிக் சோடா பட்டுப்பட்டு எழுத்தே மிஞ்சாது. அங்கே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) வேண்டும். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போகிற பம்பு என்றால் அதுவும் போதாது. மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்த 316-தான் உப்புக்காற்றை ஓரளவு தாங்கும். பித்தளையில் ஆழமாக எட்சிங் செய்து கறுப்பு நிரப்பினால் அதன் அழகே தனி. ஆனால் அமோனியா ஓடுகிற ஐஸ் பேக்டரிக்கு நான் பித்தளை தருவதில்லை.

ஆக, நான் பார்ப்பது உலோகத்தை அல்ல, அதன் துருவை. துரு பிடிக்காத உலோகம் என்று என் பட்டறையில் எதுவும் கிடையாது. இரும்பின் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் பொருக்காக உரிந்து விழுந்து, அடியில் இருக்கிற இரும்பைக் காற்றுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். அலுமினியத்தின் துரு ஒட்டிக்கொண்டு நிற்கும். அனோடைசிங் என்று நாங்கள் செய்வதெல்லாம், கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அந்தத் துருவையே 10, 20 மைக்ரான் கனத்துக்கு வளர்ப்பதுதான். அதில் இருக்கிற நுண்துளைகளில் சாயம் இறங்கும். பிறகு கொதிநீரில் முக்கினால் துளைகள் மூடிக்கொள்ளும். எஸ்.எஸ். பளபளப்பதற்கும் அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு படலம்தான் காரணம். அந்தப் படலம் கீறல் விழுந்தால் தானே ஆறிக்கொள்ளும், காற்று கிடைக்கிற வரைக்கும். ரிவெட்டுக்கு அடியில் காற்றுப் புகாமல் உப்புநீர் தேங்கினால் ஊசி குத்தியதுபோல் குழி விழும்.

ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில், உயிரை மறைத்து நிற்கும் அழுக்கான ஆணவ மலத்துக்கு வந்தோம். மெய்கண்டார் சிவஞான போதத்தில் சொல்கிற உவமை செம்பும் களிம்பும். செம்பில் களிம்பு நேற்று வந்து ஒட்டியதல்ல, உயிரில் மலமும் அப்படியே, அநாதி, அதாவது தொடக்கமில்லாதது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் கை துறுதுறுத்தது.

"அய்யா, களிம்பு செம்போடு பிறந்ததில்லைங்க. தேய்த்துவிட்டுக் காற்றும் ஈரமும் படாமல் வைத்தால் செம்பு செம்பாகவே இருக்கும். களிம்பு வெளியிலிருந்து வருவதுங்க" என்றேன்.

"வெளியில் காற்று இருந்தது சரி. தங்கத்துக்கு ஏன் வரவில்லை?" என்றார் ஆசிரியர்.

நல்ல பதில்தான். களிம்பு ஏறக்கூடிய தன்மை செம்புக்குள்ளேயே இருக்கிறது என்கிறார். இருந்தாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தன்மை இருப்பதும் களிம்பே இருப்பதும் ஒன்றா?

யோசித்துப் பார்த்ததில், உவமைக்கு அவர் சொன்னதைவிட வலுவான ஆதாரம் சுரங்கத்தில் இருக்கிறது. பூமிக்குள் அலுமினியம் அலுமினியமாகக் கிடைப்பதில்லை. பாக்சைட்டில் ஆக்சைடாகத்தான் கிடக்கிறது. இரும்புத்தாதும் ஆக்சைடுதான், அதாவது ஒருவகைத் துரு. செம்பு எங்கோ சில இடங்களில் தனியாகக் கிடைத்தாலும், பெரும்பாலும் கந்தகத்தோடு கூடியோ பச்சை மாலகைட்டாகவோதான் வருகிறது. மாலகைட் என்பது செம்பின் கார்பனேட். பழைய செம்பில் படிகிற பச்சையிலும் அந்தச் சேர்மம் உண்டு. முதலில் சுத்தமான உலோகம் இருந்தது, பிறகு அழுக்கானது என்று நான் நினைத்திருந்த வரிசையை மண் ஒத்துக்கொள்ளவில்லை. பளபளப்பு உலைக்குப் பிறகு வந்தது. அநாதி என்ற சொல்லை இந்த அளவில் நான் ஏற்கிறேன்.

அடுத்த கேள்வி இன்னும் கடினம். முத்தியில் ஆணவம் அழியுமா? அழியாது, அதன் சக்தி மடங்கிக் கிடக்கும் என்பது சித்தாந்தம். வகுப்பில் சிலருக்கு இது சப்பென்று இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் ஒழியாதா என்றார்கள். எனக்கு அதுதான் நம்பும்படியாக இருந்தது. பாலிஷ் போட்டுப் படலம் மொத்தத்தையும் எடுத்த அலுமினியத்தில் அடுத்த நொடியே புதுப் படலம் தொடங்கிவிடும். துருவை ஒழித்து எழுதப்பட்ட பிளேட் உலகத்தில் இல்லை. துருவை அடக்கி எழுதப்பட்டவைதான் உண்டு.

இதைச் சொன்னபோது ஆசிரியர் என்னை நிறுத்தினார். "உன் படலம் எழுத்தைத் தாங்குகிறது, உலோகத்தைக் காக்கிறது. ஆணவம் யாருக்கும் உதவி செய்யாது. நீ சொல்வது மாயை." மாயையும் மலம்தான், ஆனால் உடம்பும் கருவியும் தந்து உயிருக்குச் சிறிது வெளிச்சம் காட்டுவது. துணியின் அழுக்கைப் போக்க உவர்மண்ணையும் சாணியையும் பூசுவதைச் சித்தாந்திகள் இதற்குத்தான் காட்டுவார்கள். அலுமினியத்தின் படலம் மாயைக்குப் பொருந்தும் என்றால், செம்பின் பச்சைக்குள்ளேயே மாயை, ஆணவம் இரண்டும் இருக்கின்றன. மெதுவாகப் படிகிற பச்சை அடியிலுள்ள செம்பைக் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே போனால் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பி, சிலையையே தின்னும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளைக் காப்பாற்றத் தொடங்கியது இந்த மாதிரித் தொல்லைகளுக்காகத்தான். இரண்டும் பச்சை. பார்த்தவுடனே இது காப்பது, இது தின்பது என்று சொல்ல அனுபவம் வேண்டும்.

மெய்கண்டார் மனதில் இருந்தது எந்தப் பச்சை என்று ஆசிரியரிடம் கேட்டேன். "தின்பதுதான், சந்தேகமே வேண்டாம்" என்றார். என் முடிவு வேறு: உவமை உயிருக்கும் மலத்துக்கும் உள்ள உறவின் பழமையைக் காட்டுவதில் சரி, மலத்தின் குணத்தைக் காட்டுவதில் பாதிதான் சரி. இதில் அவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். பிளேட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது "நல்ல உலோகமாகப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். அதன்மேல் என்ன படும், எப்படித் துடைப்பார்கள், பக்கத்தில் கடலா காஸ்டிக்கா என்பதைச் சொல்லுங்கள்.