பிடித்து விடுவது அகிம்சையா?

வட்டக்கோட்டை மதிலுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் உள்ளே போனால் நாஞ்சில் நாட்டுக் குளங்கள். அங்கே விராலுக்கும் கெளுத்திக்கும் தூண்டில் போடுகிறவர் கிடைத்ததைக் குழம்புக்குக் கொண்டுபோகிறார். மேலை நாட்டு ஏரிகளில் டிரவுட்டும் பாஸும் பிடிக்கிற பலர் மீனை அளந்து, படமெடுத்து, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். இந்த வழக்கம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. உயிர் பிழைக்கிறதே, ஆகவே இதுதான் அறத்துக்கு நெருக்கம் என்று தோன்றக்கூடும். நான் அதை ஏற்கவில்லை.

மீனுக்கு வலி தெரியுமா என்பது முதலில் தீர வேண்டிய கேள்வி. 2003-இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரின் குழுவினர் வானவில் டிரவுட்டின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்த அதே மீன்தான் அது. மீன்கள் உடலை ஆட்டின, அமிலம் பட்டவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, வெகுநேரம் இரை எடுக்கவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது இவை குறைந்தன. பெருமூளைப் புறணி இல்லாத உயிர் வலியை உணர முடியாது என்று மறுக்கிற அறிவியலாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரியென்றால் விளையாட்டை நிறுத்தியவருக்கு ஒரு பொழுதுபோக்குதான் நஷ்டம். தவறென்றால் முள் ஏறிய வாயின் வேதனை முழுக்க மீனுக்கு. ஐயம் தீராதவரை கையை அடக்க வேண்டியது விளையாடுகிறவர்தான்.

சிதறால் மலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணம் குழம்புக்காரரையும் ஏற்காது. ஆனாலும் ஹிம்சையை அது அளக்கிற முறை இங்கே உதவுகிறது: உயிருக்கு நேர்ந்த கேட்டோடு, செய்தவரின் மனம் எதை நாடியது என்பதையும் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் சேர்த்தே பார்க்கிறது. குழம்புக்காரர் மீனின் துடிப்பை நாடவில்லை. துடிக்காமல் கரையேறினால் அவருக்கு வசதிதான். விளையாடுகிறவருக்கு அந்தத் துடிப்பே வேண்டும். போராடாமல் வருகிற மீன் அவருக்குச் சப்பென்றிருக்கும். கடைசியில் விட்டுவிடுவது சாவைத் தவிர்க்கிறது, நாடிப் பெற்ற அந்தத் துடிப்பை இல்லாமல் ஆக்குவதில்லை. சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே தடுத்தன. சாப்பிடப் பிடிப்பதை அனுமதித்தன. முதலில் தலைகீழாகத் தெரிகிற இந்தச் சட்டம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

வலுவான மறுப்பு காவிரியிலிருந்து வருகிறது. 2018-இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட திமில் மஹ்சீர் என்ற ஆற்றுமீன் அருகிவருவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில், பிடித்து விட்டவர்கள் எழுதிவைத்த பதிவேடுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் தங்கிய முகாம்கள், வெடி வைத்து மீன் கொல்கிறவர்களிடமிருந்து ஆற்றைக் காத்தன. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அங்கே மீனுக்கு நேர்ந்த வேதனைக்கு ஈடாக அந்த இனத்துக்கே ஒரு காவல் கிடைத்தது. அது குழம்பைவிடப் பெரிய தேவை. ஆனால் நியாயம் வந்தது காவலிலிருந்து, விளையாட்டிலிருந்து அல்ல. அந்தக் காவல் எதுவும் தராமல் ஒரு குளத்து விராலை இழுத்துப் படமெடுத்து விடுகிறவர் காவிரியின் நியாயத்தைக் கடன் வாங்க முடியாது. காவிரியிலும், வேறு காவல் அமைகிற நாளில் அந்த நியாயம் செல்லாது.