உள்ள இடத்தில் உள்ளபடி

ஒரு பொருளை அறிய வேண்டுமாயின் அதனை நம்மிடம் கொண்டுவர வேண்டுமா, அன்றி நாம் அதனிடம் செல்ல வேண்டுமா? இது அறிவைப் பற்றிய வினா மட்டுமன்று. நீதியைப் பற்றிய வினாவும் ஆகும். ஆழ்கடல் ஆய்வு இதற்கு நல்லதொரு விளக்கம் தருகிறது.

1921-ஆம் ஆண்டு கப்பற் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் சி. வி. இராமனைச் சிந்திக்க வைத்தது. 1928-இல் கல்கத்தாவில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஒரே நிற ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறுங்கால், அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிப்படுகிறது. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு இன்னதெனக் காட்டிவிடுகிறது. 1960-இல் லேசர் ஒளி பிறந்தபின் இம்முறை வலுப்பெற்றது. கடல் தூண்டிய அறிவு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலுக்கே திரும்பிற்று. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிலையத்தில் பீட்டர் புரூவரும் அவர்தம் குழுவினரும், பச்சை லேசர் கொண்ட நிறமாலைக் கருவியை ஆளில்லா நீர்மூழ்கி எந்திரத்திற் பொருத்தி ஆழத்தில் இறக்கினர்.

கடலடி மண்ணைக் குழாயில் எடுத்து மேலே கொண்டுவந்து ஆராயலாமே என்று கேட்கலாம். அவ்வாறுதான் நெடுங்காலம் செய்துவந்தனர். ஆரிகன் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரேட் முகடு என்றோர் இடம் உண்டு. அங்கு மீத்தேன் வாயு நீருடன் கூடிப் பனிக்கட்டிபோல் உறைந்து கிடக்கிறது. இத்தகைய இடங்களிலிருந்து மேலே கொணர்ந்த மண்ணின் ஈரத்தில், லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் மீத்தேனே காணப்பட்டது. ஒளிக்கருவியை அம்முகட்டின் மண்ணிலேயே செலுத்தி அளந்தபோதோ 30 வரை இருந்தது. இது 2011-இல் வெளியான முடிவு. ஆழத்தின் பேரழுத்தம் நீங்கியதும், மூடி திறந்த சோடாப் புட்டியிற்போல, கரைந்திருந்த வாயு வழியிலேயே வெளியேறிவிட்டது. அளந்தவரின் நேர்மையிற் குறையில்லை. அவர் கைக்கு வந்ததோ அங்கிருந்ததன் எச்சமே.

அரபு மொழி அறிஞர், 'ளுல்ம்' என்ற சொல்லுக்கு, ஒன்றை அதற்குரிய இடமல்லாத இடத்தில் வைத்தல் என்று பொருள் கூறுவர். அநீதியைக் குறிக்கும் அச்சொல்லுக்கு அடியில் 'இடம்' என்ற கருத்து இருப்பதை நாம் பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்துள்ளோம். கற்பித்தோமேயன்றி, கற்றோமா என்பது வேறு.

நம்மிடம் ஒரு சிறுவன் ஓதினான். எதிரே நிறுத்திப் பாடம் கேட்டால் நா எழாது. மந்தபுத்தி என்று ஏட்டில் எழுதினோம். ஒருநாள் மாலை ஹவுளின் படியில் அமர்ந்து, அதே பாடத்தைத் தன் தம்பிக்குப் பிழையறச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தான். நாம் தூணுக்கு அப்பால் நின்று கேட்டோம். ஏட்டை மறுநாள் திருத்தலாம் என்றிருந்து, திருத்தாமலே விட்டோம். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை.

ஒவ்வொருவரையும் அவரவர் இடத்திற்குச் சென்று அறிதல் இயலுமா என்று கேட்பது நியாயமே. மேலும், அவ்வொளிக்கருவியும் குறையற்றதன்று. கடலுப்பின் பெரும்பகுதியான சோடியமும் குளோரைடும் அதற்கு மறுமொழி தருவதில்லை. அவற்றிற் குறைந்த சல்பேட்டே தன்னைக் காட்டுகிறது. ஆயினும் அதனைக் கையாள்வோர், குளோரைடு தோன்றவில்லை எனவே கடலில் அது இல்லை என்று எழுதுவதில்லை. தம் கருவி எதைக் காணும், எதைக் காணாது என்பதை அறிந்தே எழுதுகின்றனர்.

நீதிபதியும் ஆசிரியரும் தந்தையும் எங்கும் செல்ல இயலாதிருக்கலாம். ஆனால் தம்முன் வந்து நிற்பவன், அச்சத்தாலும் அயன்மையாலும் வழியில் எதை இழந்து வந்தான் என்று வினவ இயலும். பேசாதவனிடம் ஒன்றுமில்லை என்று எழுதாதிருக்கவும் இயலும். எழுதிய பின்னர் உண்மை தெரியவரின், மறுநாளுக்கு ஒத்திவையாது அன்றே திருத்தவும் இயலும். இம்மூன்றில் ஒன்றையும் நாம் அன்று செய்தோமில்லை.