நந்தவனக் கைங்கர்யம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து எம்பெருமானுக்குத் திருமாலை சமர்ப்பித்தனர். உடையவர் நியமனப்படி அனந்தாழ்வான் திருமலையில் அக்கைங்கர்யத்தை ஏற்றார். அவ்வழி வந்த நாம், பூவை நாடி வரும் தேனீயை நினைப்பதில்லை.

திருமடைப்பள்ளிக்கு வேண்டிய பூசணியை எண்ணிப் பாருங்கள். அதன் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அதற்குள் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் சேர்ப்பது பெரும்பாலும் தேனீயே. அது வாராவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். காலையில் பூச்சிமருந்து தெளிப்போர் அந்தத் தேனீயையே கொல்கின்றனர். நஞ்சில் நனைந்த மலரைத் திருமேனியில் சாற்றுவதும் தகுமோ?

சேதனாசேதனம் அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீராமாநுஜ தரிசனம். தேனீ மட்டும் அதற்குப் புறம்பாகுமோ?

ஆதலின் அன்பர்களே! துளசி, நொச்சி, ஆடாதோடை, மகிழம் முதலிய நம் நாட்டுச் செடி மரங்களைத் திருக்கோயிலிலும் இல்லந்தோறும் வளர்ப்போம். நஞ்சு தெளிப்பதை விடுவோம். திருத்துழாய் கொய்யும்போது கதிர்கள் சிலவற்றைச் செடியிலேயே விட்டுவைப்போம். தேனீ தேனுண்டபின் அக்கதிர்களில் விளையும் விதை, மறு ஆண்டின் திருமாலைக்கு ஆகும். இதுவும் பகவத் கைங்கர்யமே.