முடிவை மறைத்துப் படித்தல்

சீட்டாட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு உவப்பாக இராது. என் அக்கறை ஆட்டத்தின் மீது இல்லை. நான் பணம் வைத்து எதையும் ஆடியதில்லை. ஆடி முடித்தவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பிறகு எப்படி வாசிக்கிறார்கள் என்பதில்தான் அக்கறை. நம் விமர்சனத்தில் அபூர்வமாகவே தென்படும் ஒரு நேர்மை அந்த வாசிப்பில் இருக்கிறது. அது எதுவரைக்கும் செல்லும் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று.

ஆட்டம் போக்கர்; அதிலும் ஹோல்டெம் என்கிற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறந்தபடி. ஒன்பது பேர் உட்கார்ந்தால் முழு மேஜை. 1998லிருந்து இதை நிஜப் பணம் வைத்துக் கம்ப்யூட்டர் திரையிலும் ஆடிவருகிறார்கள். முழு மேஜையில் ஆடுவது பெரும்பாலும் ஆடாமல் இருப்பதுதான். கட்டுப்பாடு உள்ளவன் நூறு கை வந்தால் எண்பதுக்கு மேல் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பான். திரையில் ஆடுவதில் ஒரு வசதி: யார், எப்போது, எவ்வளவு வைத்தான் என்பதை இயந்திரம் வரி பிசகாமல் எழுதி வைத்துவிடுகிறது. மனிதன் தன் தோல்வியை நினைவில் திருத்திக்கொள்வான், இயந்திரம் திருத்தாது. இப்படி எழுதப்பட்ட ஒரு கையை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் காட்டி, நான் செய்தது சரியா என்று கேட்கிறார்கள். கேட்கும்போது ஒரு மரபு: கடைசியில் யார் ஜெயித்தது என்பதைச் சொல்லக் கூடாது. முடிவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவன் என்பது அவர்களிடையே ஒரு வசவு.

ஓர் உதாரணம். ஒவ்வொருவர் முன்னும் 200 டாலர். கட்டாயப் பந்தயமாக ஒருவர் 1, இன்னொருவர் 2 டாலர் வைத்தாயிற்று. முதலில் பேச வேண்டியவன் 6 என்கிறான். எட்டுப் பேர் இன்னும் வாய் திறக்காத நிலையில் இப்படிச் சொல்ல நல்ல சீட்டு வேண்டும். நடுவில் இருப்பவர்கள் கவிழ்த்துவிடுகிறார்கள். நம் ஆளிடம் இரண்டு ராணி. 20 என்கிறான். மற்றவர்கள் எல்லோரும் விலகிக்கொள்ள, முதலாமவன் தன் 200ஐயும் நடுவே தள்ளிவிடுகிறான். இப்போது நடுவில் இருப்பது 223 டாலர். தொடர வேண்டுமானால் இன்னும் 180 போட வேண்டும். போட்டால் மொத்தம் 403. அதில் இவன் இப்போது போடுகிற பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 45. நூறு தடவையில் 45 தடவையாவது ஜெயித்தால்தான் போடுவது தகும்.

எதிராளி கையில் என்ன இருக்கும்? இரண்டு ஆஸ் அமைய 6 வழி. இரண்டு ராஜாவுக்கு 6. ஓர் ஆஸும் ஒரு ராஜாவும் சேர 16. இவற்றோடு மட்டுமே இப்படித் துணிகிறவன் அவன் என்றால், ராணிகள் ஜெயிப்பது நூற்றுக்கு 40தான், கவிழ்க்க வேண்டும். இரண்டு ஜாக்கிகளை வைத்துக்கொண்டும் துணியக்கூடியவன் என்றால் இன்னும் 6 வழி சேர்ந்து கணக்கு 47 ஆகிவிடுகிறது, போட வேண்டும். முகம் தெரியாத ஒருவன் இரண்டு ஜாக்கிகளை எவ்வளவு பெரிதாக நினைக்கிறான் என்பதில் வந்து நிற்கிறது எல்லாம். அவன் அதுவரை ஆடிய கைகளை வைத்து ஊகிப்பார்கள், சண்டை போடுவார்கள், கணக்கைத் திருத்துவார்கள். நம் ஆள் போட்டான் என்று தெரியும். ஜெயித்தானா என்று யாரும் கேட்பதில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பரிசு கிடைத்த பிறகு நாவலின் அமைதியையும், கவிஞன் செத்த பிறகு அவன் கவிதையின் ஆழத்தையும் கண்டுபிடிக்கிற நமக்கு, முடிவை மறைத்து வைத்துக்கொண்டு ஒரு காரியத்தை அது செய்யப்பட்ட கணத்தில் நின்று பார்க்கிற பழக்கம் கிடையாது.

இதைத்தான் கீதை அன்றே சொல்லிவிட்டதே என்று ஒரு நண்பர் கிளம்புவார். சொல்லவில்லை. கீதை பலனை விடச் சொல்கிறது. போக்கர்காரன் பலனை விடவில்லை, தள்ளிப்போடுகிறான். இந்த ஒரு கையின் பலன் எனக்கு வேண்டாம், லட்சம் கைகளின் கூட்டுத்தொகை வேண்டும் என்கிறான். அவன் பற்றின்மையாக நமக்குத் தோன்றுவது உண்மையில் பெரிய எண்ணின் மீது வைத்த பற்று. லட்சம் என்று சும்மா சொல்லவில்லை. இந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தில், நன்றாக ஆடுகிற ஒருவன் பத்தாயிரம் கைகளுக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பத்தாயிரமும் அவனுக்குச் சிறிய எண்தான்.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. திறமை என்பது லட்சத்தில் இருக்கிறது. பறிபோவது ஒரு ராத்திரியில். தமிழ்நாட்டின் 2022ஆம் வருஷச் சட்டம் போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்றது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவது கூடாது என்றது 2025ன் மத்தியச் சட்டம். வாதாடிய இரு தரப்பும் வாஸ்தவத்தையே சொன்னார்கள் என்று நினைக்கிறேன். ஒரு தரப்பு லட்சத்தை எண்ணிப் பேசிற்று, மற்றது ஒரு ராத்திரியை. எந்தச் சட்டமும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது.

டேவிட் ஸ்க்ளான்ஸ்கி என்பவர் 1980களில் எழுதிய புத்தகத்தில் போக்கருக்கு ஓர் அடிப்படை விதி வகுத்தார். உன் சீட்டுகள் தெரிந்திருந்தால் எதிராளி எப்படி ஆடியிருப்பானோ அதிலிருந்து மாறி அவன் ஆடும்போதெல்லாம் உனக்கு லாபம் என்பது அதன் சாரம். இவ்வளவு பச்சையாக வேறு எந்தத் தொழிலும் தன்னை விவரித்துக்கொண்டதில்லை. என் லாபம் என்பது உன் அறியாமையின் அளவு. கையை வாசிக்கிறவர்கள் ‘தவறு’ என்று குறிப்பது பெரும்பாலும் இந்த அறியாமையை. அங்கே அதற்கு முகம் கிடையாது, வீடு கிடையாது. நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் மட்டும்.

1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே தலைப்பில் இரண்டு கட்டுரைகள் படித்தார்கள்: ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்று. குடித்துவிட்டு வண்டியை நடைபாதையில் ஏற்றுகிறவர்களில், அங்கே ஆள் இல்லாததால் தப்பியவனும் ஆள் இருந்ததால் கொலைகாரன் ஆனவனும் குற்றத்தில் ஒன்றா என்பது நேகலின் கேள்வி. வில்லியம்ஸின் லாரி ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யாதவர். குழந்தை குறுக்கே வந்துவிட்டது. அவரைத் தேற்ற வேண்டியது நம் கடமை. ஆனால் அவர் சுலபமாகத் தேறிவிட்டால் அவரைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வரும் என்கிறார் வில்லியம்ஸ். முடிவை மறைத்துப் படிக்கிறவர்களின் அகராதியில் இந்தச் சந்தேகத்துக்கு வார்த்தை இல்லை. அந்த ஓட்டுநருக்கும் இந்த ஓட்டுநருக்கும் முடிவில் மட்டுமே வித்தியாசம், முடிவையோ மறைத்தாயிற்று.

எனக்கு இது ஏட்டு விஷயமாக இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நானும் இன்னொரு குமாஸ்தாவும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். பணம் எடுக்கும் சீட்டு வந்தால், திரையில் மாதிரிக் கையெழுத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. மாத முதல் வாரத்தில், பென்ஷன்காரர்களின் வரிசை வாசல் வரை நிற்கும்போது, இருவருமே அதைத் தாண்டிவிடுவோம். பாஸ்புக்கைப் பார்ப்போம், கொடுத்துவிடுவோம். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று எனக்குக் கணக்கு இல்லை. அவர் தாண்டியவற்றில் ஒன்று போலிக் கையெழுத்து. நாற்பதாயிரம். கணக்குக்கு உரியவர் தனியாக இருந்த ஓர் அம்மாள். பணத்தை அவர் கையிலிருந்து கட்டினார்; விசாரணை நடந்தது; இன்கிரிமெண்ட் போயிற்று. என் கவுண்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

முடிவை மறைத்துப் படித்தால் இரண்டு கைகளும் ஒன்று. இருவரும் ஒரே தவறை, ஒரே சோம்பலோடு, ஒரே வரிசைக்குப் பயந்து செய்தோம். அந்தக் கணக்கில் என் தவறுகள் அவருடையதைவிட அதிகமாகவும் இருக்கலாம். இதை அவரிடம் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். யாருடைய பாரம் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒரு சாயங்காலம் டீக்கடையில், “ரெண்டு பேர் பண்ணதும் ஒண்ணுதான் சார், அந்தச் சீட்டு என்கிட்ட வரலை, அவ்வளவுதான்” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அது சரி. ஆனா அந்தம்மா வந்து நின்னது என் கவுண்டர்ல” என்றார்.

நான் சொன்னதில் பிழை இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் கவுண்டர் ஒன்று, அதில் வந்து நிற்கிறவரும் ஒருவர். லட்சத்தில் சராசரியாகி மறைந்துபோக அந்த அம்மாளுக்கு வழி இல்லை. அவர் மாற்றல் வாங்கிப் போய்விட்டார். நான் இப்போது ஒவ்வொரு கையெழுத்தையும் திறந்து பார்க்கிறேன். முதல் வாரத்தில் வரிசை தெருவுக்குப் போய்விடுகிறது. வயசானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், திட்டுகிறார்கள்.