பிரசவ வைராக்கியம்

1

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்றை நம் மொழி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. காலட்சேபம் கேட்டவன் பற்றை விட்டுவிடத் தீர்மானிக்கிறான். வீடு வந்து சேர்வதற்குள் தீர்மானம் போய்விடுகிறது. சுடுகாட்டுக்குப் போனவனுக்கு, திரும்பி வந்து குளித்துச் சாப்பிடும் வரை. பிள்ளை பெறுகிறவள் இனி இந்த வழிக்கே வரமாட்டேன் என்கிறாள், பிறகு வருகிறாள். மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போது ஒரு சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பில் ஒரு வித்தியாசம் மறைந்துபோகிறது. புராணத்திலும் மயானத்திலும் வைராக்கியம் கொள்கிறவன் பிறருடைய வாழ்வையோ சாவையோ ஓரமாக நின்று பார்த்தவன். பிரசவத்தில் மட்டும் பேசுகிறவளே அனுபவிக்கிறவளாகவும் இருக்கிறாள். அவளுடைய வார்த்தையை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது என் கேள்வி.

என் மகள் பிறந்த மூன்றாம் நாள் அம்மாவும் இந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தாள். நான் எந்த வைராக்கியமும் கொண்டிருக்கவில்லை. வலியின்போது நான் ஒன்று கேட்டேன், அது எனக்குத் தரப்படவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். "அந்த நேரத்துல ஆயிரம் சொல்வோம்டி, அதையெல்லாமா மனசுல வச்சுக்கறது" என்றாள். மகளுக்கு இப்போது ஆறு வயது. நான் இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

குறுக்கீடு குறைந்த பிரசவத்துக்கு நான் தயார் செய்துகொண்டது இயற்கை வழிபாட்டினால் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியா முழுவதற்குமான சராசரி 21.5. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இங்கே அது 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போக எந்தப் பிரதேசத்துக்கும் நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம் ஒன்று 1985இலேயே சொன்னது. அறுவை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உடல் பிள்ளை பெறத் திராணியற்றுப் போய்விட்டது என்று நம்ப முடியவில்லை. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கு பல ஆரோக்கியமான பெண்களுக்குப் பொருந்தாது, அதை மட்டும் வைத்து அவசரப்படுத்தக்கூடாது என்று 2018இல் அதே நிறுவனம் கூறியது. வழக்கத்துக்காகக் கத்திரித்துத் தையல் போட வேண்டாம், நடமாட விடுங்கள், அவள் விரும்பும் ஒருவர் கூட இருக்கட்டும் என்றும் கூறியது. நான் கேட்டதும் இவ்வளவுதான்.

இயற்கை கருணையுள்ளது என்று நினைப்பவர்கள் பாட்டிகளின் பட்டியலைக் கேட்கலாம்: பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை. 2018இல் திருப்பூரில், வீட்டிலேயே இயற்கையாகப் பெற்றுக்கொள்ள முயன்று ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்துபோனார். மேலும், அந்த இயற்கையான காலத்தில் பிரசவம் பார்த்தது இயற்கை அல்ல. ஊர்க் கடைசியிலிருந்து நள்ளிரவில் அழைத்துவரப்பட்ட மருத்துவச்சி பார்த்தாள். அவள் தொட்டது தீட்டு என்று மறுநாள் வீடு கழுவப்பட்டது. அந்த உலகத்துக்குத் திரும்பும் ஆசை எனக்கில்லை.

இந்த இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1933இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'இயற்கையான பிரசவம்'தான். பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடி பயத்தைக் கொண்டுவருகிறது என்பது அவர் சொன்ன வட்டம். இதில் உண்மை இருக்கிறது. மூச்சுப் பயிற்சியில் நானே கண்டேன். ஆனால் இந்த வட்டத்தைத் திருப்பிப் படித்தால் ஒரு தீர்ப்பு கிடைக்கிறது: உனக்கு வலிக்கிறதென்றால் நீ பயந்திருக்கிறாய், நீ சரியாகத் தயாராகவில்லை. பாரிஸில் 1952இல் தொடங்கிய லமாஸின் முறையிலும் இந்த நிழல் உண்டு. பயிற்சி என்று ஒன்று வந்துவிட்டால் தேர்வும் தோல்வியும் கூடவே வந்துவிடுகின்றன.

எட்டாம் மாதம் நானும் கணவரும் உட்கார்ந்து ஒரு தாளில் பதினொரு விஷயங்கள் எழுதினோம். காரணமின்றி வலி வரவழைக்கும் மருந்து ஏற்றக்கூடாது, மல்லாக்கப் படுக்க வைக்கக்கூடாது, பிறந்த உடனே குழந்தையை மார்பில் போட வேண்டும், இப்படி. ஒன்பதாவது நானே சொல்லி நானே எழுதியது: 'முதுகில் வலிநீக்கி ஊசி வேண்டாம். நானே கேட்டாலும் போடக்கூடாது.' எழுதியபோது பெருமையாக இருந்தது. டாக்டர் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

3

வலி தொடங்கிப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணி. வலியின் உச்சியில் நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அதற்கு நான் பொறுப்பேற்கவும் மாட்டேன். ஆனால் வலி தொடர்ந்து இருப்பதில்லை. எழுகிறது, உச்சிக்குப் போகிறது, இறங்குகிறது. அடுத்தது வருவதற்குள் இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ கிடைக்கிறது. அந்த இடைவெளியில் புத்தி கழுவி வைத்த பாத்திரம் போல் இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்கும். அப்படி ஒரு இடைவெளியில்தான் சொன்னேன்: "ஊசி போடச் சொல்லுங்க. யோசிச்சுதான் சொல்றேன். போதும்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் கையில் தாள் இருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. நீதானே எழுதினே" என்றார் என்னிடம். பிறகு டாக்டரிடம், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அடுத்த இடைவெளியில் நான் மறுபடி கேட்டேன். அதற்கடுத்ததில் கேட்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து மகள் பிறந்தாள். மருந்தில்லை, தையலில்லை. தாளிலிருந்த பதினொன்றும் நிறைவேறின. சுகப்பிரசவம் என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

4

அவர் செய்தது தவறா?

அவரிடம் கேட்டபோது, "ஊசியைப் போட்டிருந்தால் மறுநாள் காலையில் நீயே ஏன் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை என்று கேட்டிருப்பாய்" என்றார். கேட்டிருப்பேன். அதை மறுக்க முடியவில்லை. ஹோமரின் ஒடிஸ்யூஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். சைரன்களின் பாட்டைக் கேட்டபின் அவிழ்த்துவிடச் சொன்னால் இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. மாலுமிகள் அப்படியே செய்கிறார்கள். அவர்களைத் துரோகிகள் என்று யாரும் சொல்வதில்லை. என் கணவர் நல்ல மாலுமி.

ஆனால் ஒடிஸ்யூஸுக்குக் காத்திருந்தது மயக்கம். அங்கே பாட்டு பொய். அவன் அவிழ்ந்தால் சாவு. வலி எதைப் பற்றிப் பொய் சொல்கிறது? எட்டாம் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பதாவது வரியை எழுதியவளுக்கு அந்த வலியைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டு மணிக்குக் கேட்டவளுக்குத் தெரியும். அறிந்தவளின் சொல்லை அறியாதவளின் சொல்லால் தள்ளுபடி செய்தோம். அதற்குத் தயாரிப்பு என்று பெயர் வைத்தோம்.

இன்னும் சங்கடமானது இதற்குப் பிறகு வருவது. காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யல்ல. எல்லோரும் அதைச் சாட்சியாக வைத்துத்தான் பேசுகிறார்கள்: பார், இப்போது நீயே ஒப்புக்கொள்கிறாய். எழுதியவளும் நான், காலையில் மகிழ்ந்தவளும் நான். இருவரும் சேர்ந்து நடுவில் கிடந்த ஒருத்தியைத் தோற்கடித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. அவளால் இனி வந்து வாதாட முடியாது. அவள் இருந்தது மூன்று மணி நேரம். பிரசவ வைராக்கியம் என்ற சொல் செய்வதும் இந்த வாக்கெடுப்பைத்தான். பின்னால் வருகிறவளின் மறதியைக் கொண்டு முன்னால் பேசியவளின் வாயை அடைக்கிறது. மறப்பது உடலின் தயவாக இருக்கலாம். அதை நியாயமாக எடுத்துக்கொள்ள முடியுமா?

அப்படியென்றால் அந்தத் தாளே வேண்டாமா என்றால், வேண்டும். என் உடலில் என்ன செய்யப்படும் என்பது என்னைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை எழுதினேன். பத்து வரிகள் அதைத்தான் சொல்கின்றன. ஒன்பதாவது வரி மட்டும் என்னைக் கேட்காதே என்கிறது. மருத்துவமனையின் கையிலிருந்து முடிவைப் பிடுங்கி என் கைக்குக் கொண்டுவருவதாக நினைத்து, என் கணவர் கையிலிருந்த ஒரு காகிதத்துக்குக் கொடுத்திருக்கிறேன். தவறு அவரிடம் தொடங்கவில்லை, என் பெருமையில் தொடங்கியது. ஆனாலும், யோசித்துத்தான் சொல்கிறேன் என்று நான் சொன்னபோது, தாளைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அந்த அளவுக்கு அவர் பங்கும் உண்டு. அவரும் அதை மறுப்பதில்லை.

5

திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணத்தில், பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்ணின் தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறான். தாயுமானவன் என்ற பெயர் அப்படி வந்தது. இதில் என்னைத் தொடுவது அற்புதம் அல்ல. வந்தவன் கடவுளாக வரவில்லை என்பது. கடவுளாக வந்திருந்தால் அவனுக்கு எது நல்லது என்று முன்பே தெரிந்திருக்கும். அவளைக் கேட்க வேண்டியதில்லை. தாயாக வந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கூப்பிடும்போதெல்லாம் என்ன என்று கேட்க வேண்டியிருந்திருக்கும்.

தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். அந்தத் தாளைக் கேட்டிருந்தாள். பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாவதை அடித்துவிட்டு அந்த இடத்தில் தம்பிக்காக வேறு எழுதினேன்: 'வலி இறங்கிய இடைவெளியில் அவளைக் கேள். அடுத்த இடைவெளியில் மறுபடி கேள். அப்போது என்ன சொல்கிறாளோ அதைச் செய். மறுநாள் அவள் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள்.'

என் கணவர் அதைப் படித்தார். கடைசி வாக்கியத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.